வலது இடுப்பில் வீக்கம்

பெங்களூரில் கன்மேன் என்றால் அவனுக்கென்று ஒரு தோரணை உண்டு. சாம்பல் நிற சஃபாரி சூட், கட்டை மீசை, யாரையும் நேராகப் பார்க்காமல் எல்லாரையும் பார்க்கிற ஒரு பார்வை. இடுப்பில் இருக்கும் சாமான் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது அங்கே இருக்கிறது என்று தெருநாய்க்குக்கூடத் தெரியும். தெரிந்தால்தான் நாய் ஒதுங்கும், ஆளும் ஒதுங்குவான்.

எனக்கு வாய்த்தது வேறு மாதிரி. என்னிடம் துப்பாக்கி இருப்பது தெரியவே கூடாது. குறிப்பாக ஒருவருக்கு. அவர் ரவுடி இல்லை, போலீஸ் இல்லை. என் முதலாளியின் மனைவி கோமளம் அம்மா. வயது அறுபத்திரண்டு. அவர் கையில் எடுக்கும் அதிகபட்ச ஆயுதம் தேங்காய்த் துருவி.

என் பெயர் பெருமாள்சாமி. வீடு ஆஸ்டின் டவுனில். அல்சூர் எம்.இ.ஜி.யில் பதினேழு வருஷம் இருந்தேன். ராணுவம் என்றதும் யாரும் சல்யூட் அடிக்க வேண்டாம். எங்களுடையது பாலம் கட்டுகிற படை. நான் சுட்டதைவிட ஜல்லி கொட்டியது அதிகம். வெளியே வந்ததும், செக்யூரிட்டி வேலைக்கு ஆகும் என்று லைசென்ஸ் எடுத்து, பாயிண்ட் முப்பத்திரண்டு ரிவால்வர் ஒன்று வாங்கினேன். பொம்மசந்திராவில் பம்பு செய்யும் பாக்டரி ஒன்றில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் ஆனேன். பாக்டரி மூழ்கியது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. நான் கேட்டில்தான் நின்றிருந்தேன்.

மூழ்கின கம்பெனிகளை இழுத்து மூடுவதற்குக் கோர்ட் ஓர் ஆளை நியமிக்கும். லிக்விடேட்டர் என்பார்கள். அப்படி எங்களுக்கு வந்தவர்தான் வைத்தீஸ்வரன் சார். அப்பா, தாத்தா எல்லாரும் மைசூர் சர்க்காரில் பேனா பிடித்த குடும்பம். ஒல்லியான உடம்பு, தோளில் ஜோல்னாப் பை. அவர் கேட்டுக்குச் சீல் வைத்த அன்று முந்நூறு பேர் அவரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். மனுஷன் நடுவில் நின்று கையைக் கூப்பி, "எல்லாரும் ஒவ்வொருத்தரா பேசுங்கோ" என்றார். பேசுவதற்கா வந்தார்கள்? நான் அவரை கேன்டீன் வழியாக இழுத்துப்போய், அழுகின முட்டைக்கோஸ் குவியலைத் தாண்டவைத்து, ஓர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். என் வேலைக்குச் சீல் வைக்க வந்தவரை நானே பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவைத்ததை என் மனைவி ஷோபா இன்றுவரை மன்னிக்கவில்லை.

பத்து மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். காலையில் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் மீண்டும் கழற்றிவைக்கிற வாழ்க்கை. அப்போது சாரிடமிருந்து போன் வந்தது. மல்லேஸ்வரத்தில் ஒரு காபி ஓட்டலில் சந்தித்தோம்.

"மூணு தடவை போன் வந்துடுத்து பெருமாள். 'உன்னை முடிச்சிடுவோம்'னு. போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன். நீ என்கூட இருக்கணும். அந்த… அது… உன்கிட்ட இருக்கோல்லியோ?"

"இருக்குங்க சார். லைசென்ஸ் இருக்கு."

"மெள்ளப் பேசு. ஒரே ஒரு கண்டிஷன். கோமளத்துக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்ச அன்னிக்கே உன் வேலை போயிடும். ஏன்னா என் வேலையும் போயிடும். நாளையிலேர்ந்து ஆத்துல உக்காந்து பேப்பர் படின்னுடுவா."

இப்படித்தான் நான் 'ஆபீஸ் அசிஸ்டென்ட்' ஆனேன். சஃபாரி கிடையாது. என் சைஸைவிட இரண்டு சைஸ் பெரிய சட்டைகளை ஷோபா வாங்கி வந்தாள். அவற்றை வெளியே விட்டுக்கொண்டு நான் நடந்தால் காற்றில் ஆடும் கூடாரம் மாதிரி இருக்கும். ஆனால் இரும்பு இரும்புதான். உட்கார்ந்தால் இடிக்கும், குனிந்தால் துருத்தும்.

இரண்டாவது வாரமே கோமளம் அம்மாவின் கண்ணில் பட்டுவிட்டது. வாசலில் பூ வாங்கிக்கொண்டிருந்தவர் என் வலது இடுப்பையே பார்த்தார்.

"என்னப்பா பெருமாள், அங்க வீங்கியிருக்கே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தீர்ப்பையும் சொல்லிவிட்டார்.

"ஹெர்னியாவா?"

கடவுள் சில சமயம் இப்படி ஒரு கதவைத் திறந்துவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நான் நுழைந்துவிட்டேன்.

"ஆமாங்கம்மா."

"வலிக்கறதா?"

"அப்பப்ப குத்தும்மா." அது உண்மைதான்.

"எங்க சித்தப்பாவுக்கு இருந்தது. இதோ பாரு, நீ ஒண்ணையும் தூக்கப்படாது. சும்னே உக்காந்திரு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் பூ மாதிரி ஆனேன். அரிசி மூட்டை வந்தால் டிரைவர் சுனில் தூக்குவான். தண்ணீர் கேன் வந்தாலும் சுனில்தான். ஒருநாள் சாரே கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனார். அவருடைய பாதுகாவலன் நான், நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒக்கலிபுரத்துக்காரனான சுனிலுக்கு எல்லாம் தெரியும். முதல் நாளே காரில் என் சட்டை தூக்கியபோது பார்த்துவிட்டான். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், பொறுமைசாலி. "நக்கோ, வேணாம் அண்ணா, நீ எந்திரிக்காத. உன் ஹெர்னியா வெடிச்சுறப் போவுது" என்பதோடு சரி, வேறு ஒன்றும் சொல்ல மாட்டான்.

அதற்கும் மேலே ஒருநாள் கோமளம் அம்மா மெடிக்கல் ஷாப்பில் ஹெர்னியா பெல்ட் வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். அகலமான எலாஸ்டிக், உள்ளே மெத்தென்று ஒரு பை. வீட்டுக்குப் போய் மாட்டிப் பார்த்தேன். ரிவால்வர் அதற்குள் குழந்தை மாதிரி படுத்துக்கொண்டது. எனக்கு அமைந்த உறைகளிலேயே உத்தமமானது அதுதான். வாங்கித் தந்தவர் யார் என்று நினைத்தபோது மட்டும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஏழு மாதம் இப்படியே ஓடியது. பிறகு நவராத்திரி வந்தது.

ஆயுத பூஜை அன்று சார் வீட்டுக் கூடத்தில் ஒன்பது படி கொலு. அதற்கு முன்னால் பாய் விரித்து, அந்த வீட்டில் யார் யார் எதை வைத்துப் பிழைக்கிறார்களோ அதையெல்லாம் அடுக்கியிருந்தது. சாரின் லேப்டாப், சட்டப் புத்தகங்கள், ரப்பர் ஸ்டாம்பு. அம்மாவின் வீணை, கத்தரிக்கோல், தேங்காய்த் துருவி. சமையலறை மிக்ஸிக்குக்கூடச் சந்தனப் பொட்டு. சுனில் தன் டூல்ஸ் பெட்டியைத் துடைத்துக் கொண்டுவந்து ஓரமாக வைத்தான்.

"பெருமாள், உன்னோடது என்னப்பா? ஆபீஸ்ல நீ எதை வெச்சு வேலை பண்றே?" என்றார் கோமளம் அம்மா.

அன்றைக்கு ஊர் முழுக்க ஸ்பேனருக்கும் ஸ்கூட்டருக்கும் ஆயுதம் என்று பெயர் வைத்துப் பொட்டு வைக்கிறார்கள். அந்தக் கூடத்தில் நிஜ ஆயுதம் வைத்திருந்த ஒரே ஆள் நான். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, "ஸ்டேப்ளர்மா" என்றேன். ஸ்டேப்ளருக்கு ஒரு பொட்டு விழுந்தது. என் இடுப்பில் இருந்தது கோபித்துக்கொண்ட மாதிரி ஒரு குத்து குத்தியது.

அப்போது அம்மா சந்தோஷமாகச் சொன்னார். "உனக்கு இன்னிக்கு ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கேன். எங்க அக்கா பிள்ளை அபினவ் வரான். சர்ஜன். உன் ஹெர்னியாவைப் பார்க்கச் சொல்லியிருக்கேன். அதோ, வந்தே வந்துட்டான்."

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

எனக்கு எத்தனை நேரம் இருந்தது? செருப்பைக் கழற்றிக் காலைக் கழுவ ஒரு சர்ஜனுக்கு ஆகிற நேரம். அம்மாவும் சாரும் வாசலுக்குப் போனார்கள். பாத்ரூமில் சார் வீட்டு வேலைக்காரம்மா துணி அலசிக்கொண்டிருந்தார். காருக்குப் போக வேண்டுமென்றால் டாக்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் திரும்பி நின்று, பெல்ட்டிலிருந்து ரிவால்வரை உருவி, ஆறு குண்டையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பேண்ட் பாக்கெட்டில் போட்டேன். சுனிலின் டூல்ஸ் பெட்டிக்குள் கிடந்த மஞ்சள் துணியில் ரிவால்வரைச் சுற்றி, ஜாக்கிக்கு அடியில் செருகி, மூடியைச் சாத்தினேன். பத்து நிமிஷத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

டாக்டர் அபினவ் என்னை உள் அறையில் படுக்கவைத்தார். நல்ல பையன். கை மட்டும் ஐஸ்கட்டி.

"இருமுங்க அங்கிள்."

இருமினேன்.

"வலது பக்கம் ஒண்ணுமே இல்லையே. வீக்கம் எங்க?"

"இன்னிக்கு லீவு போல டாக்டர்."

"எழுந்து நில்லுங்க. பாக்கெட்ல என்ன கிணிகிணிங்குது?"

"பஸ்ஸுக்குச் சில்லறை."

"இன்னொரு தடவை இருமுங்க… ம். வலது பக்கம் க்ளீன். ஆனா இடது பக்கம் சின்னதா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கு."

"ஹெர்னியாவா?"

"ஆமா. அதுக்குத்தானே வந்தீங்க? ஏன் ஷாக் ஆகறீங்க?"

ஏழு மாதம் வலது பக்கம் நடித்த வியாதி, பாவம், இடது பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் பற்றி வருத்தப்படக்கூட நேரமில்லை. கூடத்தில் மணி அடித்தது. பேண்டைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தால், கோமளம் அம்மா கற்பூரத் தட்டை நீட்டினார்.

"எடுத்துக்கோப்பா. பூஜை முடிஞ்சது. இனிமே நாளைக்குக் காலையில புனர்பூஜை ஆற வரைக்கும் யாரும் எதையும் தொடப்படாது."

நானும் தமிழன்தான். சின்ன வயதில் பாடப் புத்தகத்தைச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டு, இரண்டு நாள் படிக்க வேண்டாம் என்று குதித்தவன்தான். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? அவசரத்தில் மறந்துபோயிற்று. உலகத்தில் ஆயிரம் பெட்டி இருக்க, ஆயுத பூஜை அன்று, பூஜையில் வைத்த பெட்டிக்குள் கொண்டுபோய் ஆயுதத்தை ஒளித்திருக்கிறேன்.

டாக்டர் வடையும் பாயசமும் சாப்பிட்டுவிட்டு, இடது பக்கத்தைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெருமாள், பொம்மசந்திரா போகணும். உங்க பழைய பாக்டரிதான். மெஷினுக்கெல்லாம் பூஜை போடணும், ஒரு மணி நேரம் சீலைத் திறந்து விடுங்கோன்னு தொழிலாளிகள் கோர்ட்ல கேட்டு பெர்மிஷன் வாங்கிட்டா. நான் போய்த்தான் திறக்கணும். அன்னிக்கு வளைச்ச அதே கும்பல். ரெடியா இருக்கியோல்லியோ?" என்று என் வலது பக்கத்தைக் கண்ணால் காட்டினார்.

"ரெடி சார்" என்றேன். பாக்கெட்டில் ஆறு குண்டு கிணுகிணுத்தது. சுடுவதற்கு ஒன்றும் இல்லை. எறிந்தால் உண்டு.

இல்லை என்று சாரிடம் சொன்னால், துப்பாக்கியைத் தொலைத்த கன்மேனை யார் வைத்துக்கொள்வார்கள்? அம்மா கண்ணெதிரே பெட்டியைத் திறந்தால், சாரின் கண்டிஷன்படி வேலை போச்சு. ஆஸ்டின் டவுன் வீட்டில் மறுபடியும் சட்டையைக் கழற்றி மாட்டுகிற காட்சி கண்முன் ஓடியது. ஒரே வழி, பக்தி. நான் கொலுவுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். வலது கையை மெல்ல மெல்லப் பெட்டிப் பக்கம் நீட்டினேன்.

"ஐயோ! ஹெர்னியாவை வெச்சுண்டு விழுந்து கும்பிடாதேப்பா!" என்று அம்மா அலறினார். சுனில் ஓடிவந்து என்னைத் தூக்கி நிறுத்தினான். நிறுத்தியவன் என் காதில் கேட்டான்:

"அண்ணா, சாயங்காலம் குண்டு இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகுதான் உறைத்தது. இந்த ஊர்க் கன்னடத்தில் தோட்டாவும் குண்டு, குவார்ட்டரும் குண்டு. வண்டி பூஜை முடிந்த சாயங்காலம் டிரைவர்கள் போடுகிற குண்டைப் பற்றித்தான் கேட்கிறான். முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்த வார்த்தை; பாக்கெட்டில் ஆறு இருந்தால் காது வேறு மாதிரி கேட்கிறது. "அப்பறம் பாக்கலாம், போடா" என்றேன்.

"என்னப்பா அந்தப் பெட்டியையே பார்க்கறே?" என்றார் அம்மா.

பொய் சொல்லிப் பழகினவனுக்கு ஒரு கெட்ட பழக்கம், கேட்டதும் வாயில் ஒன்று வந்துவிடும். "இல்லைம்மா… பெட்டிக்குத்தான் பொட்டு வெச்சீங்க. உள்ள இருக்கறதுக்கு வெக்கலையேன்னு…"

"அட, ஆமாம்! பெட்டியா வேலை பண்றது?"

மூடியைத் திறந்துவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஸ்பேனர் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். ஜாக்கிக்கு ஒன்று. மஞ்சள் துணியை விரித்தார். உள்ளே இருந்ததற்கும் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், ஒரு செவ்வந்திப் பூவையும் வைத்தார். பூ குழாய்க்குள் சொருகிக்கொண்டது. அப்போதுதான் கண்ணாடியை இறக்கினார்.

"சுனில், இது என்ன ஸ்பேனர்?"

சுனில் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினான்.

"ஏன்னா! இங்க வாங்கோ! டிரைவர் பெட்டியில துப்பாக்கி!"

சார் வந்தார். பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "துப்பாக்கியா! சிவசிவா! நம்மாத்துலயா?" என்று நெஞ்சில் கைவைத்தார். முப்பது வருஷம் கோர்ட்டில் இருந்தவர் அல்லவா, நன்றாகவே வந்தது.

"சத்தியமா சொல்லுடா சுனில். இப்பத்தான் இவன்கிட்ட 'குண்டு இருக்கா'ன்னு கேட்டே. என் காதால கேட்டேன்!" என்றார் அம்மா.

"அம்மா, அது வேற குண்டும்மா…"

"வேறயா? எத்தனை விதம்டா வெச்சிருக்கே?"

சுனில் வாயை மூடிக்கொண்டான். அந்தத் துப்பாக்கி யாருடையது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா போனை எடுத்து, "ஸ்டேஷனுக்குத்தான் சொல்லணும்" என்றார். அப்போதும் அவன் என் பக்கம் திரும்பவில்லை. ஏழு மாதம் எனக்காக அரிசி மூட்டை தூக்கினவன்.

"அம்மா, அது என்னுதுங்க" என்றேன்.

"உன்னுதா? ஹெர்னியாக்காரன் நீ, உனக்கெதுக்கு…"

"இதுதாம்மா ஹெர்னியா."

சட்டையைத் தூக்கி, அவர் வாங்கிக்கொடுத்த பெல்ட்டையும், அதில் காலியாக இருந்த பையையும் காட்டினேன். சாரைக் காட்டிக்கொடுக்கவில்லை. காவலுக்கு வைத்திருக்கிறேன், லைசென்ஸ் இருக்கிறது, சுனிலுக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் ஒளித்தேன், வேலையை விட்டுப் போய்விடுகிறேன் என்றேன். அத்தோடு நின்றிருக்கும். பொம்மசந்திரா ஞாபகம் வந்து சாரே உளறிவிட்டார்.

"இப்பவே போறேன்னா எப்படி? அது இல்லாம நான் அங்க எப்படிப் போறது கோமு?"

கோமளம் அம்மா மெதுவாகத் திரும்பினார். அதற்கப்புறம் எல்லாம் வெளியே வந்தது: போன் மிரட்டல், போலீஸ் புகார், என் வேலை. கேட்டு முடித்ததும் அவர் மோடாவில் உட்கார்ந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"உங்களை முடிச்சுடுவேன்னு ஒருத்தன் சொல்லியிருக்கான். அது பெருமாளுக்குத் தெரியும். சுனிலுக்குத் தெரியும். ஏழு மாசமா நான் மட்டும் என்ன பண்ணிண்டிருந்தேன்? சேவை பிழிஞ்சுண்டிருந்தேன்."

சார் லேப்டாப்பின் சந்தனப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பயந்துடுவேன்னுதான் கோமு…"

"நீங்க பயப்படும்போது கூட இருக்கத்தானே நான்?" அவர் எழுந்து புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டார். "கிளம்புங்கோ. நானும் வரேன். அது இங்கேயே இருக்கட்டும். பொட்டு வெச்சாச்சு, நாளைக்குத்தான் எடுக்கணும். பெருமாள், உன் வேலையைப் பத்தி வந்து பேசிக்கறேன்."

காரில் ஏறினோம். முன் சீட்டில் நான். பின்னால் இருவருக்கும் நடுவே சுண்டல் அடுக்கு ஒன்று மூன்றாவது ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஓசூர் ரோடு முழுக்க ஒவ்வொரு கேட்டிலும் வாழைக்கன்று. ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய்.

பாக்டரி வாசலில் நூறு பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். சார் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். யூனியன் செயலாளர் இராஜமாணிக்கம் முன்னால் வந்தார். அன்று வளைத்தபோது முதல் வரிசையில் நின்றவர்.

"இன்னா பெருமாளு, லிக்விடேட்டர்கிட்ட சேந்துகினியாமே! நல்லா இரு. சார், திறங்க. மெஷினு ஒண்ணரை வருஷமா இருட்டுல கெடக்குது."

சார் சீலை உடைத்தார். உள்ளே தூசியும் எண்ணெய் நாற்றமும். ஆட்கள் ஓடினார்கள், அவரவர் மெஷினுக்கு. ஒருவர் தன் லேத்தை வேட்டி முனையால் துடைத்தபடி அதனிடம் என்னவோ பேசிக்கொண்டிருந்தார். இராஜமாணிக்கம் பிரஸ் மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு, அந்தக் கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார். கோமளம் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரும் போய் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பூ வைத்தார். யாரும் யாரையும் வளைக்கவில்லை.

வெளியே வந்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு. சாரையும் ஒன்று உடைக்கச் சொன்னார்கள். அவர் குனிந்து அதைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து எவனோ பின்னால் ஓர் அணுகுண்டு வெடியைப் பற்றவைத்துவிட்டான்.

*டமார்!*

அடுத்த நொடியில் சார் கீழே கிடந்தார், நான் அவர் மேலே கிடந்தேன், பூசணிக்காய் எங்கள் இருவர் மேலும் கிடந்தது.

முதலில் கேட்டது இராஜமாணிக்கத்தின் குரல். "பாத்தியாடா! சத்தம் கேட்டதும் சார் மேல பாஞ்சு மறைச்சான்! மிலிட்ரின்னா சும்மாவா!" கைதட்டினார்கள். விசில் அடித்தார்கள். எங்களைத் தூக்கி நிறுத்தி, குங்குமத்தையும் பூசணி விதையையும் தட்டிவிட்டார்கள். வெடி வைத்தவனுக்கு முதுகில் இரண்டு விழுந்தது. கோமளம் அம்மா சாரின் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

திரும்பி வரும்போது காரில் என் இடது பக்கம் விண்விண் என்று தெறித்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை நிலைக்கும் என்று எனக்குத் தெரியும். சுனில் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்து, பேசாமல் இரு என்று புருவத்தைக் காட்டினான். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் வரை பேசாமல்தான் இருந்தேன்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நான் பாயலைங்கம்மா. பூசணிக்காய் வழுக்கிடுச்சு."

சுனில் தலையில் அடித்துக்கொண்டான். பின்னால் ஒரு மாதிரி மூச்சுத் திணறுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், கோமளம் அம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

"தெரியும்ப்பா. நான் எதிர்க்கத்தானே நின்னுண்டிருந்தேன். உன் ரெண்டு காலும் ஆகாசத்துல இருந்தது."

"ஸாரிம்மா."

"ஆனா உன் வலது கை அவர் மண்டைக்கு அடியில இருந்தது. கல்லுல படாம. அதையும் பார்த்தேன். அது வழுக்கிப் போச்சா?"

எனக்கு அது ஞாபகமே இல்லை. கையைத் திருப்பிப் பார்த்தேன். புறங்கை முழுக்கச் சிராய்ப்பு.

"காலையில ஏழரைக்கு வந்துடு" என்றார் கோமளம் அம்மா. "எட்டுக்குள்ள புனர்பூஜை. உன் சாமானை நீதான் எடுக்கணும், நான் தொட மாட்டேன். அப்புறம் உன்னை அபினவ்கிட்ட கூட்டிண்டு போறேன், அந்த இடது பக்கத்துக்கு. இனிமே எவனாவது போன்ல மிரட்டினா, எனக்குச் சொல்லிட்டுத்தான் இவருக்குச் சொல்லணும். புரிஞ்சுதா?"

"சரிங்கம்மா."

"என்கிட்ட யாராவது கேக்கறேளா?" என்றார் சார், முதுகைத் தடவிக்கொண்டே.

யாரும் கேட்கவில்லை. அம்மா அடுக்கைத் திறந்து முதல் கிண்ணம் சுண்டலை அவரிடம் கொடுத்தார்.